முருகன் இருக்கும்போது மீட்டிங் எதுக்கு?

ஓம் சரவணபவ.

“அருணகிரிநாதர் கோபுரத்துல இருந்து குதிச்சப்போ கையில தாங்கினவன் முருகன். அப்படிப்பட்டவன் நமக்கு இருக்கும்போது, குடியை விட மீட்டிங்குக்குப் போறது நம்பிக்கைக் குறைச்சல் இல்லையா அண்ணே?”

நம்ம பாதயாத்திரைக் குழுவுல வர்ற ஒரு தம்பி கேட்டான். கிண்டலுக்குக் கேக்கலை. அவன் வீட்டுலயும் ஒரு ஆள் குடிக்கிறாரு. அதனால ரெண்டு வரியில பதில் சொல்லிட்டு நகர எனக்கு மனசு வரலை. இதே கேள்வி உங்கள்ல பல பேருக்கும் இருக்கும்னு தோணுது சொந்தங்களே, கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

இதுல எங்க மாமா வருவார். அம்மாகூடப் பிறந்தவர். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். “பேரு போடாண்டாம் மருமோனே, மத்தது எழுது”ன்னு சொல்லிட்டார். கல்குளம் தாலுகா, ரப்பர் பால்வெட்டுத் தொழில், அவ்வளவு போதும்.

பால்வெட்டு எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். விடியும் முன்னாடியே தோட்டத்துக்குப் போகணும். உச்சி வெயிலுக்குள்ள வேலை முடிஞ்சிரும். அதுக்கப்புறம் பகல் முழுக்க சும்மா கிடக்கும். மழை பிடிச்சா வெட்டே கிடையாது, அன்னைக்கு முழு நாளும் சும்மா. கையில கொஞ்சம் காசு, முன்னாடி நீளமா ஒரு பகல். எங்க மாமாவுக்கு குடி இந்த வழியாத்தான் உள்ள வந்துது.

ஆனா வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு மாலை போடுவார். மாலை கழுத்துல ஏறிட்டா ஒரு மண்டலம், 48 நாள், ஒரு சொட்டு தொட மாட்டார். நேர்ச்சை முடிஞ்சு மாலையைக் கழட்டின அன்னைக்கு ராத்திரியே தொடங்கிருவார். ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க. “48 நாள் இருக்க முடியுதுல்லா? அப்போ மத்த நாளெல்லாம் குடிக்கது திமிருதான்.”

நானும் இதைப் பல நாள் யோசிச்சுப் பாத்திருக்கேன். அந்த 48 நாள்ல அப்படி என்னதான் நடக்குது? காலையில எழும்பும்போதே நாலு சாமிமாரு கூட குளிக்க வர்றாங்க. எல்லாரும் அவரை “சாமி”ன்னு கூப்பிடுறாங்க. சாயங்காலம், அதாவது வழக்கமா கடைக்குப் போற அந்த நேரத்துல, பஜனை இருக்கு. கஞ்சி எல்லாரும் சேர்ந்து குடிக்கிறாங்க. ஒருத்தர் ரெண்டு நாள் வரலைன்னா வீட்டுக்கே போய் “என்ன சாமி, உடம்புக்கு என்ன?”ன்னு கேக்கிறாங்க. 49-ம் நாள் இதுல ஒண்ணுகூட இல்லை. மாலை மட்டுமா கழண்டுது? கூட இருந்த அத்தனை பேரும் கழண்டு போறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் தனியா நிக்கிறார்.

முருகன் அவரைக் காப்பாத்தினான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா ஒரு கூட்டத்துக்குள்ள வெச்சுத்தான் காப்பாத்தினான். தம்பி கேட்ட மீட்டிங் 49-ம் நாளைக்கு உள்ளது.

இனி சத்தியம் பத்தி. குடிக்கிற ஆளைக் கூட்டிட்டுப் போய் சன்னதியில நிறுத்தி, சூடத்து மேல அடிச்சு சத்தியம் வாங்குறது நம்ம பக்கம் சாதாரணம். சிலர் கயிறு கட்டி விடுவாங்க. அப்படியே நின்னவங்க உண்டு, இல்லைன்னு சொல்லலை. நிக்க முடியாதவங்களை நினைச்சுப் பாருங்க. சத்தியம் மீறின ஆள் முதல்ல விடுறது என்ன தெரியுமா? குடியை இல்லை, கோவிலை. எங்க மாமா ரெண்டு வருஷமா குமாரகோவில் பக்கமே தலைவெச்சுப் படுக்கலை. “வேலைத் தொட்டு சொல்லிட்டு குடிச்சவன், எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்”னு கேட்டார். ஒருத்தனுக்கு முருகன் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல, அந்த முருகனையே அவனுக்குப் பயப்படுற இடமா ஆக்கி வெக்கிறோம். இது பக்தியான்னு எனக்குத் தெரியலை. என் கருத்து, குடிநோய் உள்ளவன்கிட்ட சாமி பேர்ல சத்தியம் வாங்கவே கூடாது. கால் ஒடிஞ்சவன்கிட்ட “நாளைக்கு ஓடுவேன்னு சத்தியம் பண்ணு”ன்னு கேக்கிற மாதிரிதான் அது.

“நோய்”னு எழுதினதும் எங்க அத்தை முகம் கண்ணு முன்னாடி வருது. “நோயாக்கும், நோயாக்கும்னு சொல்லி அந்தாளை நல்லவனாக்கிராதீங்க. அடி வாங்கினது நானாக்கும்.” இதுக்கு என்ன பதில் இருக்கு? அத்தை சொல்றது சரி. நோய்னு பேர் வெச்சா அடிச்ச அடி இல்லைன்னு ஆயிராது. நான் இதை இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கேன். சர்க்கரை வியாதி வந்ததுக்கு ஒருத்தரைத் திட்டக் கூடாது. ஆனா வந்திருக்குன்னு தெரிஞ்ச பிறகு மாத்திரை போடாம, டாக்டர்கிட்ட போகாம இருந்தா திட்டலாம். அந்த தாகத்துக்கு மாமா பொறுப்பில்லை. உதவி தேடிப் போகாம இருக்கிறதுக்கு அவர் பொறுப்பு. அத்தைக்குச் செஞ்சதுக்கும் அவர்தான் பொறுப்பு, அதை மீட்டிங்கும் தீர்த்து வைக்காது, அவர்தான் தீர்க்கணும். குடிச்சவனை முருகன் மன்னிச்சிருவான், அத்தை மன்னிக்கணுமான்னு அத்தைதான் சொல்லணும்.

அடுத்தது மாலை போடுற எல்லாரும் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. மூணு வருஷத்துக்கு முந்தி மாமா மாலை போட்ட மூணாம் நாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கம் இல்லை. ராத்திரி சுவர்ல பூச்சி ஊருதுன்னு சொன்னார். விடியக்காலம் உடம்பு வெட்டி இழுத்துது. பக்கத்துல நின்னவங்க “சாமி வந்திருக்கு”ன்னு விபூதி பூசினாங்க. கூட்டத்துல இருந்த ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருத்தங்கதான் “வண்டியை எடுங்க”ன்னு சத்தம் போட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. பல வருஷமா தினமும் நிறையக் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள இப்படி ஆகலாம். வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஒவ்வொரு தடவை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த தடவை இன்னும் மோசமாகவும் வாய்ப்பு உண்டு. அதனால தினசரிக் குடி உள்ளவங்க மாலை போடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணும். மருந்து மாத்திரையோட நிறுத்துறது விரதத்துக்கு இழுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில பத்து நாள். அனுப்பும்போது “ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போங்க”ன்னு சொல்லி விட்டாங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பேரு வெளிய சொல்லாத குடிநோயாளிகளோட கூட்டம்.

கண்டுபிடிக்கிறதுதான் பாடு. டாஸ்மாக் கடைக்கு வழி கேட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட கை காட்டும். 2003-ல இருந்து அரசாங்கமே கடை நடத்துது, போர்டு பச்சைக் கலர்ல தூரத்துல இருந்தே தெரியும். ஏ.ஏ. மீட்டிங் எங்கன்னு கேட்டா “அது என்ன ஏ.ஏ?”ன்னு நம்மகிட்டயே திருப்பிக் கேக்கிறாங்க. பேரைச் சொல்லாம இருக்கிறதே அதோட வழக்கம், அதனால பெரிய விளம்பரமும் கிடையாது. கடைசியில ஆஸ்பத்திரி கவுன்சிலர் மூலமா ஒரு நம்பர் கிடைச்சுது. போன் எடுத்த ஆள் எங்க மாமாகிட்ட ஒரு கேள்விதான் கேட்டார், நிறுத்தணும்னு ஆசை இருக்கான்னு. இருக்குன்னதும், “பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்”னார். முன்னப்பின்ன தெரியாத ஆள். பைக்ல வந்து நின்னார்.

கூட்டிட்டுப் போன இடம் ஒரு சர்ச் வளாகம்.

மாமா வாசல்லயே நின்னுட்டார். “நான் வேல் குத்தினவன் மருமோனே. இதுக்குள்ள நான் ஏன் போணும்? குடியை விடச் சொல்லி மதம் மாத்தப் பாக்கானுவளா?” வெளியூர்க்காரங்களுக்கு இது பெருசாத் தெரியாது. 1982-ல மண்டைக்காடு கலவரம் பாத்த மாவட்டம் இது. அதே நேரம் கோட்டாறு சவேரியாருக்கு நேர்ச்சை போடுற இந்துக் குடும்பங்களும் இங்கதான் இருக்கு. ரெண்டும் சேர்ந்ததுதான் குமரி. பைக்ல வந்தவர் சிரிச்சுக்கிட்டே, “இது வாடகை ரூம் மாதிரிதான். கோவில் மண்டபம் கிடைச்சா அங்கயும் வெப்போம், நீங்க வாங்கித் தாங்க”ன்னார். அவர் நெத்தியிலயும் விபூதி இருந்துது.

(இந்த இடத்துல ஒண்ணு கேக்கணும்னு தோணுது. நம்ம கோவில் மண்டபங்கள்ல கல்யாணம், காதுகுத்து, அரசியல் கூட்டம் எல்லாம் நடக்குது. வாரத்துல ஒரு மணி நேரம் இதுக்குத் திறந்து குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?)

உள்ள என்ன கேட்டேன்னு எழுத மாட்டேன். அங்க கேட்டது அங்கயே இருக்கணும்ங்கிறது அவங்க கட்டுப்பாடு. வீட்டுக்காரங்களும் உட்காரக்கூடிய மீட்டிங்னால எனக்கு இடம் கிடைச்சுது, அந்த மரியாதையைக் காப்பாத்தணும். நடக்கிற முறையை மட்டும் சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலி வட்டமாப் போட்டிருக்கும். கட்டணம் கிடையாது. செலவுக்கு ஒரு பை சுத்தி வரும், இருக்கிறவங்க போடலாம், இல்லாதவங்க போடாண்டாம். ஒவ்வொருத்தரா தன் முதல் பேரைச் சொல்லி, குடிநோயாளின்னு சொல்லி, தன் கதையைச் சொல்றாங்க. யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லலை. நடுவுல பேசலை. கடவுள்னு ஒரு வார்த்தை வருது, அவரவர் புரிஞ்சுக்கிட்டபடி அந்தக் கடவுளை வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. மாமாவுக்கு அது முருகன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு மாதா. இன்னொருத்தருக்கு கடவுள் நம்பிக்கையே இல்லை, அவர் அந்தக் கூட்டத்தையே தனக்கு மேலான சக்தியா வெச்சிருந்தார். கடைசியில கட்டன்சாயா.

இந்த முறை எங்க தொடங்குச்சுன்னு பிறகு படிச்சேன். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊர். பில் வில்சன்னு ஒரு பங்குச்சந்தைத் தரகர், குடியை விட்டு அஞ்சு மாசம்தான் ஆகுது. வந்த வியாபாரம் தோத்துப் போச்சு. ஹோட்டல் வரவேற்பு ஹால்ல தனியா நிக்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம் கேக்குது. இன்னொரு பக்கம் அந்த ஊர் சர்ச்சுகளோட பட்டியல். அந்தப் பட்டியலைப் பாத்து போன் போடத் தொடங்கினார். “எனக்கு உதவி பண்ணுங்க”ன்னு அவர் கேக்கலை, இதுதான் விஷயம். “நான் உதவி பண்றதுக்கு ஒரு குடிகாரர் வேணும், இருந்தா சொல்லுங்க”ன்னு கேட்டார். இன்னொரு குடிகாரன்கிட்ட பேசினால்தான் தான் குடிக்காம இருக்க முடியும்னு அவருக்குப் பட்டிருக்கு. விசாரிச்சு விசாரிச்சு கடைசியில டாக்டர் பாப் ஸ்மித்ங்கிற அறுவைசிகிச்சை மருத்துவர் வீட்டு வழி கிடைச்சுது. கால் மணி நேரம்தான் பேசுவேன்னு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்துட்டார். இத்தனை நாள் அவருக்கு எல்லாரும் அறிவுரை சொன்னாங்க. இந்த ஆள் அறிவுரை சொல்லலை, தன் கதையைச் சொன்னார்.

அதுக்கப்புறமும் டாக்டர் ஒரு தடவை சறுக்கினார், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்துல. திரும்பி வந்து 1935 ஜூன் 10-ம் தேதி குடிச்சதுதான் அவரோட கடைசிக் குடி. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தொடங்கின நாளா வெச்சிருக்காங்க. இந்தியாவுக்கு அது 1957-ல டெல்லி வழியா வந்துது. நம்ம தமிழ்நாட்டுல இந்த நோய்க்காகவே ஒரு மருத்துவமனையை 1980-ல சென்னையில தொடங்கினவங்க சாந்தி ரங்கநாதன். அவங்க கணவர் டி.டி. ரங்கநாதன் குடியால இறந்து போனவர். அவர் பேரைத்தான் அந்த அமைப்புக்கு வெச்சாங்க. வீட்டுல நடந்ததை மூடி மறைக்கிறதுதான் நம்ம ஊர் வழக்கம், அந்த அம்மா பேரோட போர்டு மாட்டினாங்க.

திருக்குறள்ல கள்ளுண்ணாமை அதிகாரம் 93. அதோட கடைசிக் குறள் ஒரு கேள்வி. தான் குடிக்காத நேரத்துல, குடிச்சுக் கிடக்கிற இன்னொருத்தனைப் பாக்கிறவன் தன் நிலைமையை நினைக்க மாட்டானான்னு கேக்குது. மீட்டிங்ல நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான். மாமா அங்க ஒரு இருபத்தஞ்சு வயசுப் பையன் பேசினதைக் கேட்டு அழுதார். நாங்க வீட்டுல பதினாறு வருஷமா சொன்ன எதுக்கும் அவர் அழுததில்லை. தகப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதனை நாம கும்பிடுறோம், ஆனா வயசுல மூத்தவர் சின்னப் பையன் முன்னாடி வாய் பொத்திக் கேக்கிறதை நேர்ல பாத்தப்போதான் சுவாமிமலைக் கதை எனக்கு உறைச்சுது.

இனி தம்பியோட கேள்விக்கு நேராவே வாரேன். உதவி கேக்கிறது நம்பிக்கைக் குறைச்சலா?

நம்ம குமாரகோவில் வேளிமலையிலதான் வள்ளி கல்யாணம் நடந்ததா ஐதீகம். பங்குனியில அங்க திருக்கல்யாணம், குறவர் படுகளம் எல்லாம் பாத்திருப்பீங்க. அந்தக் கதையில முருகன் வேடனா வர்றான், கிழவனா வர்றான், ஒண்ணும் நடக்கலை. கடைசியில அண்ணனை நினைக்கிறான், பிள்ளையார் யானையா வந்து நிக்கிறார். ஞானப்பழமே தன் ஒரு காரியத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டுது. கூப்பிட்டதால அவன் முருகன் இல்லாமப் போயிட்டானா? பால்வெட்டுக்காரர் ஒருத்தர் பைக்ல வந்த ஒரு ஆளைக் கூப்பிட்டா மட்டும் பக்தி குறைஞ்சு போகுமா?

அருணகிரிநாதர் விஷயமும் அப்படித்தான். முருகன் தாங்கினான், அதோட வீட்டுக்கு அனுப்பிரலை. முதல் அடியை எடுத்துக் குடுத்துப் பாட வெச்சான், ஊர் ஊரா நடக்க வெச்சான். திருப்புகழைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அவர் பழைய வாழ்க்கையை மறைக்கவே இல்லை. எத்தனை பாட்டு தன் சறுக்கலைச் சொல்லித் தொடங்குது! ஆயிரத்துக்கு மேல பாட்டு, திரும்பத் திரும்ப அதே கதை, ஒவ்வொரு ஊர்லயும். வட்டமாப் போட்ட நாற்காலியில உட்கார்ந்து மாமா சொல்றதும் அதே மாதிரி ஒண்ணுதான்னு நான் நினைக்கேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சூரசம்ஹாரம்தான். சூரனை முருகன் இல்லாம ஆக்கலை. மயிலாவும் சேவலாவும் ஆக்கினான். எதிரி வாகனமாயிட்டான், கொடியாயிட்டான். பதினாறு வருஷக் குடியை இல்லைன்னு ஆக்க முடியாது. ஆனா அந்தப் பதினாறு வருஷம் இருக்கிறதாலதான் மாமா இன்னைக்கு இன்னொரு குடிகாரன் வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுது. எங்களால முடியாது. நாங்க போனா “உனக்கு என்ன தெரியும்?”னு கேப்பான். போன மாசம் ராத்திரி ஒரு மணிக்கு போன் வந்து, மழையில எழும்பிப் போனார்.

மீட்டிங் எல்லாருக்கும் ஒத்து வரும்னு நான் சொல்லலை. சிலருக்கு மருந்து முக்கியம், சிலருக்கு மனநல மருத்துவர், சிலருக்கு எல்லாமே வேணும். 2020-ல காக்ரேன் அமைப்பு பத்தாயிரம் பேருக்கு மேல சேர்ந்த 27 ஆய்வுகளை வெச்சுப் பாத்து, குடியை முழுசா விட்டு இருக்கிறதுக்கு ஏ.ஏ. வழியும் அதுல சேர்த்துவிடுற சிகிச்சையும் மத்த சிகிச்சைகளுக்குக் குறைஞ்சதில்லை, பல நேரம் கூடுதலாவே பலன் தருதுன்னு சொல்லியிருக்கு. மாமா மீட்டிங் போகத் தொடங்கின பிறகும் ரெண்டு தடவை சறுக்கினார். ரெண்டு தடவையும் மறுநாளே மீட்டிங்குக்குப் போனார். கோவிலுக்குத்தான் உடனே போக மாட்டேன்னுட்டார், சத்தியம் இன்னும் நெஞ்சுல கிடக்கு. இந்தத் தைப்பூசத்துக்கு வந்தார். உள்ள போகலை, கொடிமரத்துக்கிட்ட நின்னு கும்பிட்டார்.

வீட்டுல குடிக்கிற ஆள் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு சில விஷயம். “குடிப்பவருக்குத் தெரியாமலேயே மருந்து”ன்னு சுவர்ல ஒட்டியிருப்பாங்க, அதை வாங்கிச் சாப்பாட்டுல கலந்துராதீங்க. சில மருந்து மேல சாராயம் விழுந்தா ரத்த அழுத்தம் சரிஞ்சு ஆள் செத்தே போகலாம். 14446-க்குப் போன் போட்டா போதை மீட்புக்கு இலவசமா ஆலோசனை கிடைக்கும், மனநல உதவிக்கு 14416. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேட்டா பக்கத்து மீட்டிங் விவரம் கிடைக்கலாம். அவர் வரலைன்னாலும் நீங்க போகலாம், குடும்பத்தாருக்குன்னே அல்-அனான்னு தனிக் கூட்டம் இருக்கு. அத்தை இப்போ போறாங்க. மாமாவை மன்னிச்சிட்டாங்களான்னு நான் கேக்கலை.

வர்ற மாசி நடைக்கு நம்ம குழுவுல பேர் எழுதத் தொடங்கியாச்சு. மாலை போட வர்றவங்களைத் தனியா கூப்பிட்டு, தினமும் குடிக்கிற பழக்கம் உண்டான்னு கேக்கணும், உண்டுன்னா முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லணும், மாலை கழட்டின மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேர் அவர் வீட்டுக்குப் போகணும்னு நான் சொல்லியிருக்கேன். குருசாமி சரின்னுட்டார். ரெண்டு பேர் “அப்படிக் கேட்டா ஆள் வராது”ன்னு எதிர்த்தாங்க. ஞாயித்துக்கிழமை மறுபடி பேசுறோம். நம்ம ஊர்க்காரங்க யாருக்காவது வர முடிஞ்சா வாங்க.

முருகா சரணம்.